ஆகாயப் படையும் நிறத்தடையும்

மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்துப் பாலமீன்மடுவில் வெளிச்சவீடு ஒன்று நிற்கின்றது. அதன் அடியில் நின்று கிழக்கே நோக்குவோர்க்கு நீலக் கடலையன்றி வேறொன்றும் தென்படாது. ஆயினும் கரையிலிருந்து சில மைல் தொலைவில், அக்கடலின் அடியில், பெருங்கப்பல் ஒன்று கிடக்கின்றது. வலை கொண்டு செல்லும் கடற்றொழிலாளர்க்கு அது மீன் திரளும் ஓர் இடம். வரலாறு கற்போர்க்கோ, நெடுங்காலம் உண்மை போல் உலாவிய ஒரு பொய் உடைந்துபோன இடங்களுள் அதுவும் ஒன்று.

அக்கப்பலின் பெயர் ஹெர்மிஸ். விமானந் தாங்கும் கப்பலாகவே முதலிலிருந்து வரையப்பட்டு, அதற்கெனவே கட்டத் தொடங்கப்பெற்ற உலகின் முதற் கப்பல் அதுவே. 1924ஆம் ஆண்டில் அது பிரித்தானியக் கடற்படையிற் சேர்ந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்துத் திருகோணமலை தாக்கப்படலாம் என்ற எச்சரிக்கை கிடைத்ததும், அங்கு நின்ற ஹெர்மிஸ் 8ஆம் திகதி இரவே துறைமுகத்தை விட்டு நீங்கித் தெற்கு நோக்கிச் சென்றது. 9ஆம் திகதி காலை மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் யப்பானியரின் வேவு விமானம் அதனைக் கண்டுகொண்டது. கப்பல் திரும்பித் திருகோணமலையின் பாதுகாப்பை அடையுமுன்னரே, குத்துப்பாய்ச்சலாக இறங்கிக் குண்டு வீசும் விமானங்கள் கூட்டங்கூட்டமாக வந்து சேர்ந்தன. விமானந் தாங்கிய கப்பலாயினும், அதன் விமானங்கள் அன்று கரையிலேயே இருந்தன. ஏறக்குறைய 40 குண்டுகள் அதன்மீது விழுந்தன. அரை மணி நேரத்துக்குள் அது மூழ்கிற்று. அதில் இருந்தோருள் 307 பேர் மாண்டனர். துணையாக வந்த வம்பயர் என்னும் அவுஸ்திரேலியப் போர்க்கப்பலும் அன்றே அமிழ்ந்தது. வீட்டா என்னும் வைத்தியக் கப்பல் தப்பியோரை ஏற்றிக்கொண்டது. சிலர் நீந்தியே கரை சேர்ந்தனர்.

அன்று உடைந்த பொய் யாது? போர் விமானத்தைத் திறம்பட ஓட்டும் ஆற்றல் ஐரோப்பிய இனத்தார்க்கே இயல்பாய் அமைந்தது, ஏனையோர்க்கு அது கைவராது என்பதே. யுத்தத்துக்கு முன்னர் மேனாட்டு எழுத்தாளரும் படையதிகாரிகளும் யப்பானியரைப் பற்றி இவ்வாறே பேசினர். அவர்களுக்குக் கண்பார்வை குறைவு, உடலின் சமநிலை உணர்வு குறைவு, ஆதலால் அவர்கள் நல்ல விமானிகளாக மாட்டார்கள் என்று எழுதினர். நகர்ந்துகொண்டிருந்த ஒரு கப்பலின் மீது அத்தனை குண்டுகளையும் குறி தவறாது இட்டவர்கள் அந்தக் 'கண்பார்வை குறைந்த' மனிதர்களே. மனிதரைக் கொல்லுவதிற் காட்டிய திறமை பாராட்டத்தக்கதன்று. அக்கடலில் மாண்ட 307 பேருக்கும் தாயும் மனைவியரும் மக்களும் இருந்தனர். ஆனால், இனத்துக்கும் விமானம் ஓட்டும் திறனுக்கும் தொடர்புண்டு என்ற கொள்கை அன்று அம்மனிதரோடு சேர்ந்தே மூழ்கியிருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

அது எளிதில் மூழ்கவில்லை. ஏனெனில் அது போர்க்களத்தில் பிறந்த கொள்கையன்று. பயிற்சிக் களத்தின் வாயிலிற் பிறந்து, அங்கேயே காவல் இருந்த கொள்கை அது. அந்த வாயிலில் நின்ற இந்திய மாணவரும், அமெரிக்கக் கறுப்பின மாணவரும், பின்னர் இலங்கை மாணவரும் பெற்ற அனுபவங்களை ஒருங்கே வைத்து நோக்குதல் பயனுடையது.

இராணுவ விமானப் பயிற்சியின் இயல்பைச் சிறிது அறிந்துகொண்டால் இவ்வனுபவங்கள் நன்கு விளங்கும். பயிற்சி விமானத்தில் இருவருக்கு இருக்கை உண்டு. இரு இருக்கைகளிலும் விமானத்தைச் செலுத்தும் கருவிகள் உண்டு. ஆசிரியர் ஒன்றிலும் மாணவர் மற்றதிலும் அமர்வர். சில மணி நேரம் இவ்வாறு பறந்த பின்னர், ஒருநாள் ஆசிரியர் இறங்கிக்கொண்டு மாணவரைத் தனியே அனுப்புவார். இதுவே தனிப்பறப்பு. அதன் பின்னரும் படிப்படியாகப் பரீட்சைப் பறப்புக்கள் உள. ஒன்றில் தவறினாலும் மாணவர் விலக்கப்படுவர். பாடசாலைப் பரீட்சையில் விடைத்தாள் இருக்கும். ஒருவர் திருத்தியதை மற்றொருவர் மீண்டும் பார்க்கலாம். ஆகாயத்தில் நடக்கும் பரீட்சைக்கோ விடைத்தாள் இல்லை. அங்கே நடந்ததை அறிந்தவர் இருவரே: ஒருவர் பரீட்சகர், மற்றவர் மாணவர். பரீட்சகரின் உள்ளத்தில் மாணவரின் நிறத்தைப் பற்றிய முடிவு முன்னரே எழுதப்பட்டிருந்தால், அதனை மறுத்துரைக்க மாணவரிடம் எச்சான்றும் இராது. வாயிலைக் கடப்பது முதல் அல்லல். உள்ளே சென்றபின் நீதி பெறுவது இரண்டாவது அல்லல்.

முதலாம் உலகப் பெரும்போரின் போது இவ்வாயிலைத் தட்டியோருள் ஹர்டித் சிங் மாலிக் ஒருவர். ராவல்பிண்டியிற் பிறந்த சீக்கியர். ஒக்ஸ்பேர்டில் பேலியல் கல்லூரி மாணவர். போர் தொடங்கியதும் உடன் பயின்ற ஆங்கில மாணவர் பலர் அதிகாரிகளாய்ப் படையிற் சேர்ந்தனர். மாலிக்கிற்கு அவ்வழி திறக்கவில்லை. அவர் பிரான்ஸ் சென்று செஞ்சிலுவைச் சேவையில் காயமுற்றோரை ஏற்றும் வண்டியை ஓட்டினார். பின்னர் பிரெஞ்சு ஆகாயப் படையிற் சேர விழைந்தார். அப்படை அவரை ஏற்க ஆயத்தமாயிருந்தது. இதனை அறிந்த அவருடைய கல்லூரி ஆசிரியர் அர்க்கார்ட், பிரித்தானிய விமானப் படைத் தலைவர் ஹென்டர்சனுக்குக் கடிதம் எழுதினார். பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட ஒருவரைப் பிரெஞ்சுக்காரர் ஏற்க, பிரித்தானியர் மறுப்பது இழுக்கல்லவா என்பதே அதன் கருத்து. 1917 ஏப்ரிலில் மாலிக் பயிற்சி மாணவராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். தலைப்பாகையைக் களைய அவர் இசையவில்லை. அதன்மேல் அணியத்தக்க பெரிய தலைக்கவசம் ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். சில மணி நேரப் பயிற்சியிலேயே தனியே பறந்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் 28ஆம் அணியோடு பிரான்ஸ் சென்று, 26ஆம் திகதி நடந்த வான்போரில் காலிற் குண்டு பாய்ந்த நிலையிலும் விமானத்தைத் தம் படையின் பக்கத்திலேயே இறக்கினார். 1985இல் தம் தொண்ணூறாம் வயதில் இறக்கும்வரை அக்குண்டுகள் அவர் காலிலேயே இருந்தன.

அதே மாதத்தில் சேர்ந்த மற்றொருவர் கல்கத்தாவைச் சேர்ந்த இந்திரலால் ராய். லண்டனில் பள்ளிக் கல்வியை முடித்த பதினெட்டு வயது இளைஞர். கண்பார்வை போதாதென்று முதலில் அவர் மறுக்கப்பட்டார். அவர் மனந்தளராது, கண் வைத்தியத்திற் புகழ்பெற்ற நிபுணர் ஒருவரிடம் சென்று மீண்டும் சோதிப்பித்து, அத்தீர்ப்பை மாற்றிக்கொண்டார். 1917 டிசெம்பரில் விமானம் விபத்துக்குள்ளாகிக் கடுங்காயமுற்றார். பறக்கத் தகுதியற்றவரென வைத்தியர் கூறியும் மீண்டும் போராடி இடம்பெற்றார். 1918 யூலை மாதத்தில் இரண்டு வாரத்துக்குட்பட்ட காலத்தில் பத்து வெற்றிகள் அவர் பேரிற் பதியப்பட்டன. அம்மாதம் 22ஆம் திகதி வான்போரில் வீழ்ந்து இறந்தார். அப்போது வயது 19. சிறந்த பறப்புச் சேவைக்குரிய சிலுவைப் பதக்கம் அவர் இறந்த பின்னர் வழங்கப்பெற்றது. அதனைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. கண்பார்வை போதாதென்று கூறப்பட்ட மாணவர் இவ்வாறு குறி தவறாதவராய் விளங்கினார்.

இவ்விருவரோடு வெலிங்கர், சென் என்னும் வேறிருவரும் அப்போரில் விமானிகளாய்ப் பறந்தனர். வெலிங்கர் மாண்டார்; சென் பகைவர் கையிற் சிறைப்பட்டார். நால்வர் பறந்து, இருவர் இறந்து, ஒருவர் காயமுற்று, ஒருவர் சிறைப்பட்ட பின்னர், இந்தியரால் பறக்க முடியுமா என்ற வினாவுக்கு இடமேது? ஆயினும் போர் முடிந்ததும் வாயில் மீண்டும் சாத்தப்பட்டது. பிரித்தானிய அரச விமானப் படையில் அதிகாரியாகச் சேர்வோர் கலப்பற்ற ஐரோப்பிய வமிசத்தினராயிருத்தல் வேண்டும் என்ற விதி நிலைபெற்றது. சான்று கிடைத்த பின்னரும் விதி மாறவில்லை. சான்று கேட்டு வந்த விதியன்று அது.

அவ்விதியில் ஒரு பிளவு உண்டாக ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. இந்தியரைப் படையதிகாரிகளாக்குவது பற்றி ஆராய்ந்த ஸ்கீன் குழு, விமானப் பயிற்சிக்கும் அவர்களை ஏற்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1930இல் முதல் இந்திய மாணவர் இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியிற் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் சுப்ரதோ முகர்ஜி. மாண்ட இந்திரலால் ராய் அவருக்கு மாமன். 1932 ஒக்டோபர் 8ஆம் திகதி இந்திய விமானப் படை சட்டப்படி அமைந்தது. 1933 ஏப்ரில் முதலாந் திகதி கராச்சியில் அதன் முதல் அணி உருவாயிற்று. கிரான்வெல்லில் கற்று வந்த விமானிகள் ஐவர்; அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை நான்கு பழைய வபிற்றி விமானங்கள். அவ்வாண்டிலேயே ஐவருள் இருவர் விமான விபத்தில் இறந்தனர். ஒரு கூட்டத்தின் தகுதியைச் சிலர் மட்டுமே தாங்கி நிற்கும்போது, அச்சிலருள் ஒருவரின் தவறும் ஒருவரின் சாவும் அக்கூட்டம் முழுவதன் கணக்கில் எழுதப்படும். ஆங்கில மாணவர் ஒருவர் தவறினால் அவர் தவறினார். இந்திய மாணவர் ஒருவர் தவறினால் இந்தியா தவறியது. இச்சுமையோடு பறந்த முகர்ஜி 1939இல் ஓர் அணிக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியரானார். சுதந்திர இந்தியாவில் 1954 ஏப்ரிலில் விமானப் படையின் முதல் இந்தியத் தலைவருமானார்.

இதே காலத்தில் அத்திலாந்திக் கடலுக்கு அப்பால், ஐக்கிய அமெரிக்காவிலும் இக்கதையே நடந்தது. அங்கே அது இன்னும் கொடியது. இந்தியர் அந்நிய ஆட்சியின் வாயிலில் நின்றனர். அமெரிக்கக் கறுப்பினத்தவரோ தாம் பிறந்த நாட்டின் வாயிலிலேயே புறத்தே நிறுத்தப்பட்டனர். மாலிக்கும் ராயும் பயிற்சிக்குச் சேர்ந்ததற்கு அடுத்த மாதம், 1917 மே மாதத்தில், யூஜின் புல்லார்ட் என்னும் கறுப்பின அமெரிக்கர் விமானியானார். எந்த நாட்டில்? பிரான்சில். அமெரிக்கா போரிற் புகுந்ததும் தம் நாட்டுப் படைக்காகப் பறக்க அவர் விண்ணப்பித்தார். அப்படை அவரை ஏற்கவில்லை. முதுமையில் அவர் நியூயோர்க் நகரில் ஒரு பெருங்கட்டடத்தில் மின்தூக்கி இயக்கும் தொழில் செய்து 1961இல் காலமானார். 1994இல், இறந்து 33 ஆண்டுகளுக்குப் பின்னர், அமெரிக்க விமானப் படை அவரை அதிகாரியாக நியமித்தது.

1925இல் அமெரிக்க இராணுவப் போர்க் கல்லூரி தயாரித்த அறிக்கை ஒன்று, கறுப்பினத்தவர் அறிவிலும் துணிவிலும் தாழ்ந்தவர் என்று கூறிற்று. விஞ்ஞானத்தின் ஆடை அணிந்து வந்த வெறுப்பு அது. அதன் நிழலில் வளர்ந்த மாணவருள் பெஞ்சமின் டேவிஸ் ஒருவர். வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியில் 1932 முதல் 1936 வரை நான்காண்டு பயின்றார். அந்நான்காண்டும் உடன் பயின்றோர், கடமை பற்றிய பேச்சன்றி, அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அறையில் தனிமை, உணவு மேசையிலும் தனிமை. அவராகவே விலகிச் செல்ல வேண்டும் என்பதே நோக்கம். அவர் விலகவில்லை. 276 பேருள் 35ஆம் இடத்திற் சித்தியடைந்தார். விமானப் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது, கறுப்பினத்தவர்க்கென விமான அணி இல்லை, இனி அமைவதாகவும் இல்லை என்ற காரணத்தால் மறுக்கப்பட்டார். பயிற்சி இல்லாததால் அணி இல்லை; அணி இல்லாததால் பயிற்சி இல்லை. நிறத்தடை பல இடங்களில் இத்தகைய வட்டமான நியாயத்தையே கையாண்டது.

கறுப்பினப் பத்திரிகைகளும் சங்கங்களும் விடாது செய்த கிளர்ச்சியினால் 1941இல் இவ்வட்டம் உடைந்தது. அலபாமா மாநிலத்தில், புக்கர் வாஷிங்டன் என்னும் கல்விமான் ஆசிரியப் பயிற்சிக்கென 1881இல் தொடங்கிய டஸ்கீகிக் கல்லூரியைச் சார்ந்து பயிற்சித் தளம் அமைந்தது. தொடக்கப் பயிற்சியின் தலைமை ஆசிரியர் சார்ள்ஸ் அன்டர்சன். கறுப்பினத்தவர்க்கு விமானம் ஓட்டக் கற்பிப்போர் அரிதாயிருந்த காலத்தில், கடன் வாங்கிப் பழைய விமானம் ஒன்றை வாங்கித் தாமே பெரும்பாலும் கற்றுக்கொண்டவர் அவர். 1941இன் தொடக்கத்தில் சனாதிபதியின் மனைவியார் எலினோர் றூஸ்வெல்ற் டஸ்கீகிக்கு வந்தபோது, காவலர் தடுத்தும் கேளாது அன்டர்சனோடு விமானத்தில் ஏறிப் பறந்தார். அந்தப் புகைப்படம் பத்திரிகைகளில் வெளிவந்தது. நீண்ட அறிக்கைகள் சாதியாததை அரைமணி நேரப் பறப்பொன்று சாதித்தது என்றே கூறலாம்.

1941 யூலையில் முதல் வகுப்பில் 13 பேர் சேர்ந்தனர். டேவிஸ் அவர்களுள் ஒருவர். தொடக்கப் பயிற்சியை அளித்தோர் அன்டர்சனைப் போன்ற கறுப்பின ஆசிரியர். அடுத்த நிலைகளிற் கற்பித்தோர் வெள்ளை அதிகாரிகள். தளத்துக்குள்ளேயே உணவறைகளும் ஏனைய வசதிகளும் நிறத்தால் வகுக்கப்பட்டிருந்தன. வெளியே சென்றால் அலபாமாவின் சட்டங்கள். ஆகாயத்தில் தனியே ஒரு விமானத்தை நம்பி ஒப்படைக்கத் தக்கவர், தரையில் தாம் விரும்பிய மேசையில் உணவருந்தத் தகுதியற்றவர்! பின்னர் தளபதியாய் வந்த நோயல் பாரிஷ் என்னும் வெள்ளை அதிகாரி இவ்வேற்றுமைகளைப் பெரிதும் தளர்த்தினார். பறப்புத் திறனில் கறுப்பு முறை, வெள்ளை முறை என இரண்டில்லை என்ற நிலையில் நின்று மாணவரை அளந்தார். நீதியான ஓர் ஆசிரியர் அநீதியான ஓர் ஏற்பாட்டை மாற்றிவிட முடியாது. ஆயினும் அதனுள் அகப்பட்ட மாணவர்க்கு அவர் செய்யக்கூடிய நன்மை சிறிதன்று.

1942 மார்ச் 7ஆம் திகதி முதல் வகுப்பு முடிந்தது. 13 பேருள் விமானச் சின்னம் பெற்றோர் ஐவர்: டேவிஸ், கஸ்ரிஸ், டெபோ, றொபேர்ட்ஸ், றொஸ். இந்நாளை மனத்திலிருத்தல் வேண்டும். மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் மூழ்கியது அதற்கு 33 நாள் பின்னர். உலகின் ஒரு கோடியில், ஐரோப்பியர் அல்லாதார் ஐவர் பறக்கத் தக்கவர்தாமென மிகுந்த தயக்கத்தோடு ஒப்புக்கொள்ளப்பட்ட அதே பருவத்தில், மறுகோடியில், ஐரோப்பியர் அல்லாத விமானிகளின் கீழ் ஒரு பேரரசின் கடலாதிக்கமே ஆட்டங்கண்டது.

சின்னம் பெற்றதோடு சோதனை முடிந்ததா? இல்லை. அவர்களுடைய 99ஆம் அணி ஓராண்டு களம் காணாமலே காத்திருந்தது. 1943இல் வட ஆபிரிக்காவுக்கு அனுப்பப்பட்ட சில மாதங்களில், அவர்கள் தீவிரமாய்ப் போரிடவில்லை என்று ஒரு வெள்ளை அதிகாரி அறிக்கை செய்தார். டேவிஸ் வாஷிங்டன் சென்று விசாரணைக் குழுவின் முன் நின்று தம் அணியின் மானத்தைக் காத்தார். 1944 சனவரியில் இத்தாலியின் அன்சியோக் களத்தில் இரண்டே நாளில் பகை விமானங்கள் பலவற்றை அவ்வணி வீழ்த்தியபின் அப்பேச்சு அடங்கிற்று. 1946 வரை டஸ்கீகியிற் பயின்று தேறிய விமானிகள் ஏறக்குறைய 1,000 பேர்.

மற்றொரு நிகழ்ச்சி ஆசிரியத் தொழில் செய்வோர் கருதத்தக்கது. 1945 ஏப்ரிலில் இந்தியானா மாநிலத்துப் பிறீமன் தளத்தில், குண்டுவீச்சு அணியின் கறுப்பின அதிகாரிகளை அதிகாரிகளின் மண்டபத்திலிருந்து விலக்கத் தளபதி ஓர் உபாயம் கண்டார். நிறத்தைச் சொல்லி விலக்குவது படைவிதிக்கு முரண். ஆதலால் மண்டபம் இரண்டு, ஒன்று பயிற்றுவோர்க்கு, மற்றது பயிற்சி பெறுவோர்க்கு என்று ஆணையிட்டு, கறுப்பின அதிகாரிகள் அனைவரையும் பயிற்சி பெறுவோர் என்று வகுத்தார். போர்க்களங் கண்டு திரும்பியோரும் அவ்வாறே மாணவராக்கப்பட்டனர். மாணவர் என்னும் நல்ல சொல்லே இங்கு வேலியாய்ப் பயன்பட்டது! அவ்வாணையை ஏற்றுக் கையொப்பமிட 101 அதிகாரிகள் மறுத்தனர். போர்க்கால மறுப்புக்குக் கடுந்தண்டனை உண்டென அறிந்தும் மறுத்தனர், கைதாயினர். மூன்று ஆண்டுகளின் பின், 1948 யூலை 26ஆம் திகதி, சனாதிபதி ட்றூமன் படைகளில் எல்லா இனத்தார்க்கும் சமமான நடத்தையும் வாய்ப்பும் வேண்டுமென ஆணை பிறப்பித்தார். வெஸ்ட் பொயின்றில் பேச ஆளின்றி இருந்த டேவிஸ் 1954இல் அமெரிக்க விமானப் படையின் முதற் கறுப்பினச் சேனாதிபதியானார்.

இலங்கைக்கு இவ்வாயில் எப்போது திறந்தது? இரண்டாம் உலகப் போர் தொடங்கி ஆட்பஞ்சம் ஏற்படக்கூடும் என்ற நிலையில், 1939 ஒக்டோபரில், கலப்பற்ற ஐரோப்பிய வமிசம் என்ற விதியைப் போர்க்காலத்துக்கு மட்டும் பிரித்தானியா நிறுத்திவைத்தது. மேற்கிந்தியத் தீவினரும் ஆபிரிக்கரும் இலங்கையரும் அதன் பின்னரே அரச விமானப் படையிற் பறப்போராய்ச் சேர்ந்தனர். இலங்கையரான றொகான் அமரசேகர குண்டுவீச்சு அணிகளில், விமானத்துக்கு வழி கணிக்கும் அதிகாரியாய்ப் பணிபுரிந்து, இந்திரலால் ராய் பெற்ற அதே பதக்கத்தை இருமுறை பெற்றார். வழி கணித்தல் என்பது இருளில், மேகத்துக்கு மேல், கணிதமும் கருவியுமே துணையாகக் கொண்டு செய்யும் வேலை. மதி குறைந்த இனம் என்ற பழிக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி வேண்டுவதில்லை.

சுதந்திரத்தின் பின் 1951இல் இலங்கை அரச விமானப் படை அமைந்தது. முதற் பயிற்சி விமானங்கள் சிப்மங்க் என்னும் சிறு விமானங்கள். மாணவர் முன்னும் ஆசிரியர் பின்னுமாய் அமர்ந்து பறக்கும் அமைப்புடையவை. தொடக்கத்தில் தலைமை தாங்கியோர் பிரித்தானிய அதிகாரிகளே. 1957இல் கட்டுநாயக்காவிலும் சீனன்குடாவிலும் இருந்த பிரித்தானிய விமானத் தளங்கள் இலங்கையின் கைக்கு வந்தன. 1962இல் அமரசேகர படையின் முதல் இலங்கைத் தளபதியானார். 1942இல் ஹெர்மிஸின் விமானங்கள் கரையில் தங்கியிருந்த அதே சீனன்குடா, பின்னாளில் இலங்கை மாணவ விமானிகள் முதன்முதல் தனியே பறந்தெழும் களமாயிற்று.

இக்கதைகளை ஒருங்கே நோக்கும்போது ஓர் உண்மை புலப்படும. மாலிக்கிற்கு வாயில் திறந்தது பிரெஞ்சுக்காரர் ஏற்பார் என்ற நாணத்தால். இலங்கையர்க்குத் திறந்தது ஆட்பஞ்சத்தால். அமெரிக்கக் கறுப்பினத்தவர்க்குத் திறந்தது கிளர்ச்சியால். எவர்க்கும் அவர்தம் திறமை கண்டு திறக்கவில்லை. திறமை வெளிப்படுவதற்கே முதலில் வாயில் திறக்க வேண்டியிருந்தது. ஆகவே, இவரால் முடியாது என்று பயிற்சிக்கு முன்னரே கூறுவோர் ஓர் உண்மையைக் கூறுவதில்லை. ஒரு கதவைச் சாத்துகின்றனர். இது வெள்ளையர்க்கு மட்டும் உரிய குற்றமன்று. குலத்தையும் ஊரையும் பெற்றோர் தொழிலையும் பார்த்துப் பிள்ளைகளுக்கு அளவு வகுக்கும் வழக்கம் கீழ்த்திசையிலும் பழமையானது.

மட்டக்களப்பு மக்கள் விமானத்தின் ஒலியைப் பல காலங்களிற் பலவாறு கேட்டவர்கள். 1942இல் கேட்டனர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் அவ்வொலி கேட்டு ஓடி ஒளிந்த தலைமுறையும் இங்கே வாழ்கின்றது. வாவிக்கரையில் திமிலதீவை அடுத்த விமான நிலையத்திலிருந்து எழும் விமானத்தை, இன்று எழுவான்கரைப் பிள்ளையும் படுவான்கரைப் பிள்ளையும் அச்சமின்றி அண்ணாந்து பார்க்கின்றனர். அவ்வாவியிலே தோணி தள்ளக் கற்கும் சிறுவனிடம் தந்தை முதலில் கோலைக் கொடுக்கின்றார். தோணி நேரே செல்கின்றதா என்பதை அதன் பின்னரே பார்க்கின்றார். கோலைக் கொடுக்குமுன் தீர்ப்புக் கூறுவதில்லை. 1941 செப்டெம்பரில் அலபாமாவில் ஓர் ஆசிரியர் விமானத்திலிருந்து இறங்கி, டேவிஸைத் தனியே அனுப்பியபோது செய்ததும் அவ்வளவே.